இரண்டாகத் தெரிந்த மரம்

பெட்டியோ, தராவா
1997 மார்ச் 9

தம்பி பௌரோவுக்கு,

அக்கா மெரேயாங் எழுதுவது. நாளைக் காலை நீ நம் தீவு ஒனோடோவாவுக்கு விமானம் ஏறும்போது இதை உன் கையிலேயே கொடுக்கப்போகிறேன். வாயால் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று தலையை ஆட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பொட்டலத்தில் நூற்றிருபது மாத்திரை இருக்கிறது. ஒரு மாதத்துக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் மணிக்கணக்குப் போட்டிருக்கிறார்கள். உன் வீட்டுக் கடிகாரம் நின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். நீ சீட்டைப் பார்க்காதே, நான் சொல்வதைக் கேள். பாளை சீவ மரத்துக்குப் போகிற ஒவ்வொரு வேளையும், போவதற்கு முன்னால், இரண்டு மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. உடம்பு சரியில்லை, மரத்துக்குப் போகவில்லை என்றாலும் அந்த வேளைக்கு விழுங்கிவிடு. டாக்டர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

தனியாகப் படகில் போகாதே. கிணற்றடியில் தனியாக உட்காராதே. இதுவும் அவர் சொன்னதுதான்.

ஊரில் கேட்டால் ஒளிக்காமல் சொல். இது வலிப்பு. பேய் இல்லை, சாபம் இல்லை. நீ ஆட்டத்தின் நடுவே விழுந்து துடித்தபோதெல்லாம் பாட்டு உள்ளே இறங்கிவிட்டது என்று ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஊருக்கு வந்தபோது நானும்தான். நாலு வருஷம் வலிப்பைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம், வெட்கக்கேடு. இங்கே என் வீட்டு வாசலில் ஆட்டமும் இல்லை பாட்டும் இல்லை, வெறும் வெயிலில் நீ விழுந்ததால்தான் எனக்கு உறைத்தது.

நீ கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறது. "மாத்திரை போட்டா மரம் ஏறலாமாக்கா? ஏறக்கூடாதுன்னா எனக்கு மாத்திரையே வேண்டாம்" என்றாய். ஏறலாம் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். நீ ஒழுங்காக விழுங்கு.

ரோசியாவைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா
மெரேயாங்


ஒனோடோவா
மார்ச் 28

அக்காவுக்கு,

இன்று பெரிய வெள்ளி. எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை, நேராக நடக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. கை நடுங்குகிறது. தாளில் கோடு இரண்டு இரண்டாகத் தெரிகிறது, எதன் மேல் எழுதுவது என்று தெரியாமல் நடுவில் எழுதுகிறேன்.

வந்த முதல் வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஆரம்பித்தது. தரை படகு மாதிரி ஆடுகிறது. உட்கார்ந்தால் கொஞ்சம் நிற்கும், எழுந்தால் மறுபடி ஆடும். காலை அகட்டி வைத்து நண்டு மாதிரி நடக்கிறேன். நாக்கு தடித்துப் போயிருக்கிறது, நான் பேசுவது எனக்கே புரிவதில்லை. போன சனிக்கிழமைவரை பல்லைக் கடித்துக்கொண்டு மரம் ஏறினேன். அன்றைக்கு என் மரத்தடியில் இரண்டு மரம் நின்றது. ஒன்றில் கை வைத்தால் மரம் இருக்கிறது, இன்னொன்றில் கை வைத்தால் காற்று. ஐந்தாவது வெட்டுப்படி வரை போய்விட்டு இறங்கிவிட்டேன். இறங்கி மரத்தைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? புளித்த கள்ளைக் குடித்துவிட்டு ஆடுகிறேன் என்று பேச்சு. மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். பெரியவர் டாவிட்டா என் முன்னால் வந்து குந்தி, "வாயை ஊதுடா" என்றார். ஊதினேன்.

"மீன் நாத்தம்தான் அடிக்குது" என்றார்.

"அப்ப கள்ளு எங்க இருக்கு, காலுக்குள்ள ஊத்திக்கிட்டானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ரோசியா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "அது மருந்து பண்ற வேலை. சந்தேகம்னா ரெண்டு மாத்திரை தரேன், யாராவது போட்டுப் பாருங்க" என்றாள். ஒருவரும் கை நீட்டவில்லை.

அக்கா, எனக்குக் களைப்பாக இருக்கிறது. பகலில் தூங்குகிறேன், எழுந்து மறுபடி தூங்குகிறேன். பாப்பாவுக்குப் பதினொரு மாதம். ரோசியாவுக்குப் பால் வற்றிப்போய்விட்டது. இவ்வளவு நாள் என் பதநீரில்தான் அது வளர்ந்தது. இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு சிரட்டை கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு நாள் கொடுப்பார்கள், இரண்டு நாள் கொடுப்பார்கள். நான் ஊர்ப் பதநீரில் பிள்ளை வளர்க்கிற ஆளா?

ஏறலாம் என்று சொன்னாய். எப்போது என்று கேட்டு எழுது.

பௌரோ


பெட்டியோ
ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோணல் எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் கேட்டேன். ஆரம்பத்தில் அப்படித்தான் சுற்றும், போகப்போக உடம்புக்குப் பழகிவிடும் என்று சொன்னார்கள். அதனால் பயப்படாதே, நிறுத்தியும் விடாதே. தலை சுற்றுகிறவரைக்கும் மரத்தடிப் பக்கமே போகாதே. தெளியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரோசியா உன்னை நன்றாகக் காவல் காக்கட்டும்.

அடுத்த மாத மாத்திரையும் பால்மாவு டப்பா மூன்றும் அனுப்புகிறேன். கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிற உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். பால்மாவை நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீரில் கலக்கச் சொல். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடப் போகிறாள்.

அந்த ஜன்னல் வரிசையில் நின்று நின்று என் கால் வீங்கிவிட்டது. காலையில் துணி துவைக்கிற வேலை, மத்தியானம் வரிசை, வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் "உன் தம்பிக்கு நீ தாயா, அக்காவா?" என்கிறார். "ரெண்டும்தான், உனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். உனக்காகச் செய்வதை ஒரு பாரமென்று நினைக்கவில்லை. ஆனால் அலுப்பாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

டாவிட்டா கிழவரிடம் நான் சொன்னதாகச் சொல், அவர் வாயை முதலில் அவர் ஊதிப் பார்க்கட்டும்.

அக்கா


ஒனோடோவா
ஏப்ரல் 17

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத்து நேராக இருக்கிறது பார்த்தாயா? காரணம் சொன்னால் நீ கத்துவாய். இருந்தாலும் சொல்கிறேன்.

நீ கொடுத்த மாத்திரை ஈஸ்டரோடு தீர்ந்துவிட்டது. அடுத்தது வருகிறவரை ஒன்றும் இல்லை. நாலு நாள் போனது, தரை நின்றது. ஏழாவது நாள் என் மரம் ஒன்றே ஒன்றாக நின்றது. போய் ஏறினேன். ரோசியா திட்டிக்கொண்டே கீழே நின்றாள். உச்சியில் போய் உட்கார்ந்து காய்ந்த பாளையைச் சீவிவிட்டு, தொண்டை கிழியப் பாடினேன். நாலு மரம் தள்ளி ஒருவன் மேலேயிருந்து, "டேய், குடிகாரன் திரும்பி வந்துட்டான்டா" என்று கத்தினான். சிரிப்பு தாங்காமல் மட்டையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா, அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் பாப்பா என் பதநீரைக் குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு நடுவே விழுந்தேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது. நாக்கைக் கடித்து ரத்தம், வேட்டி நனைந்து போயிற்று. ரோசியா பாயால் மறைத்தாளாம். அரை மணி கழித்துக் கண் விழித்தபோது ஊர் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

முந்தாநாள் உன் பொட்டலம் வந்தது. மறுபடி ஆரம்பித்துவிட்டேன். போட்டால் தரை ஆடுகிறது, போடாவிட்டால் நான் ஆடுகிறேன். எதைத்தான் செய்வது? பழகிவிடும் என்று சொன்னாயே, அதற்கு எத்தனை மாதம் என்று கேட்டாயா?

பௌரோ


பெட்டியோ
ஏப்ரல் 24

பௌரோ,

நூற்றிருபது மாத்திரை எங்கே போயிற்று?

மாதம் முழுக்க வரவேண்டியது இருபது நாளில் எப்படித் தீரும்? உண்மையைச் சொல். யாராவது வந்து புபுசி கேட்டார்களா? தலைவலிக்கு இரண்டு கொடு, கிழவிக்கு மூட்டுவலி நாலு கொடு என்று கேட்டிருப்பார்கள். புபுசி என்று வாய் திறந்து கேட்டுவிட்டால் நம் ஆட்களுக்கு இல்லை என்று சொல்ல நாக்கு எழாதே! போன வருஷம் உன் வலையை அப்படித்தான் கொடுத்தாய், அதற்கு முந்தின வருஷம் சைக்கிளை. கொடுத்துவிட்டு இளித்துக்கொண்டு நின்றாய். வலை வேறு, மாத்திரை வேறு. அது உன் உயிர்.

நீ மரத்தின் மேல் உட்கார்ந்து பாடியதைப் படித்தபோது கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விழுந்தது சனிக்கிழமை விழுந்திருந்தால்?

அடுத்த மாத மாத்திரையும் இதோடு வருகிறது. ஒரு நாளைக்கு எத்தனை விழுங்குகிறாய், யாருக்கு எத்தனை கொடுத்தாய், ஒன்று விடாமல் எழுது.

மெரேயாங்


ஒனோடோவா
மே 4

அக்காவுக்கு,

யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ரோசியா மண்டபத்தில் தருகிறேன் என்றபோதே ஒருவரும் கை நீட்டவில்லை, என் மாத்திரையை எவன் கேட்பான்?

உன் முதல் கடிதம் கூரையில் செருகியிருக்கிறது. ரோசியாவை எடுத்துப் படிக்கச் சொல்லி, அதில் இருக்கிறபடியேதான் சொல்கிறேன். மரத்துக்குப் போகிற ஒவ்வொரு வேளையும் இரண்டு. விடியலில் இரண்டு. உச்சிவேளைக்கு இரண்டு. சாயங்காலம் இரண்டு. மரத்துக்குப் போகாவிட்டாலும் அந்த வேளைக்கு விழுங்கு என்று எழுதியிருக்கிறாய், விழுங்கினேன். புதுப் பாளை விட்ட மரத்தை மூன்று வேளையும் சீவாமல் விட்டால் காய்ந்துபோகும் என்று உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி ஏறிப் பார்த்தேன். பாப்பாவுக்குப் பால்மாவு ஒத்துக்கொள்ளவில்லை, பேதி. நாலாவது படியில் கை வைத்தேன். அது காற்று. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, விலாவில் வலி. கீழே மணல், தப்பித்தேன்.

இதை ரோசியா எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. அவள் தன் பங்குக்கு ஒரு வரி எழுத வேண்டுமாம்: "மதினி, இவர் பொய் சொல்லல. நான் எண்ணித்தான் கொடுக்கறேன். எனக்கும் முடியல."

பௌரோ


பெட்டியோ
மே 13

என் தம்பிக்கு,

வானொலியில் அறிவிப்புச் சொல்லச் சொன்னேன், கேட்டிருப்பாய்: "ஒனோடோவா பௌரோவுக்கு அக்கா மெரேயாங். இன்றும் நாளையும் மாத்திரை வேண்டாம். அப்புறம் காலை இரண்டு, மாலை இரண்டு. உச்சிவேளை கூடவே கூடாது." எல்லாத் தீவும் கேட்டுச் சிரித்திருக்கும். சிரிக்கட்டும். விமானத்துக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

தப்பு என்னுடையது. நான் ஊரைவிட்டு வந்து பத்தொன்பது வருஷம். இங்கே என் வீட்டுக்குப் பின்னால் சீவுகிறவன் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் ஏறுகிறான். மரத்துக்குப் போகிற வேளை என்றால் இரண்டு என்றே எழுதினேன். உச்சிவேளைச் சீவல் என்று ஒன்று இருப்பதே என் புத்தியில் இல்லை. சீட்டில் தெளிவாக இருந்ததை நான்தான் பார்க்காதே என்று சொன்னேன். உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். நாளுக்கு நாலு போடவேண்டிய இடத்தில் ஆறு. இந்த மருந்தில் கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டமும் பார்வை இரட்டிப்பதும் வந்துவிடுமாம். "ஏம்மா இவ்வளவு நாள் வந்து சொல்லல?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதிலை உனக்குச் சொல்கிறேன். மூன்று நாளாக இந்த இடம்வரை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

முதல் நாளே டாக்டர் மூன்று சொன்னார். படகு, கிணறு, மரம். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் மரம் ஏறவே கூடாது என்றார். இரண்டு வருஷம் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை என்றால் அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார். நான் உனக்குப் படகையும் கிணற்றையும் எழுதினேன். மரத்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ மாத்திரையைக் கடலில் வீசியிருப்பாய்.

இன்னொன்று. ஜன்னலில் கேட்டேன், பழகிவிடும் என்றார்கள் என்று எழுதினேன் அல்லவா? நான் கேட்கவே இல்லை. உனக்குத் தலை சுற்றுகிறது, ஏற முடியவில்லை என்று படித்ததும் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது, தம்பி. சுற்றினால் ஏறமாட்டான், கீழேயே கிடப்பான் என்று நினைத்தேன். நீ வாந்தி எடுத்துக்கொண்டு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாய், நான் இங்கே நிம்மதியாகச் சாப்பிட்டேன். அக்காவா நான்?

இனி சரியான அளவு போட்டால் சுற்றல் தெளிந்துவிடும். தெளிந்தால் நீ ஏறுவாய். கெஞ்சினால் கேட்கமாட்டாய், திட்டினாலும் கேட்கமாட்டாய். அதனால் இதுவரை உன்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்.

புபுசி, பௌரோ. உன் பாளைக் கத்தியை எனக்குக் கொடு.

அடுத்த விமானத்தில் அனுப்பு.

மெரேயாங்


ஒனோடோவா
ஜூன் 1

அக்காவுக்கு,

உன் அறிவிப்பை ஊர் மண்டபத்தில் வைத்துக் கேட்டோம். சீட்டாட்டம் நின்றது. டாவிட்டா என் பக்கம் திரும்பி, "அப்ப உன்னைக் குடிக்க வச்சது உன் அக்காதானா?" என்றார். இனி ஒருவரும் என் வாயை ஊதச் சொல்லமாட்டார்கள்.

அளவைக் குறைத்த நாலைந்து நாளில் தெளிய ஆரம்பித்தது. இப்போது கோடு ஒன்றாகத் தெரிகிறது. நேராக நடக்கிறேன். எழுத்தைப் பார்.

கடிதத்தின் மீதியைப் படித்துவிட்டுப் பத்து நாள் உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது. ஒரு மனுஷன் தன் மரத்தடியில் பிணம் மாதிரி கிடக்கிறான், அவன் அக்கா அதில் நிம்மதி அடைகிறாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? ரோசியாவிடம் சொன்னேன். "நான் மட்டும் என்ன? நீ சுத்தி விழுந்து படுத்த நாள்லதான் நானும் நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். ஆனால் நீ பொய் சொல்லாமல் இருந்திருந்தால் மாத்திரை கடலுக்குத்தான் போயிருக்கும், அதுவும் உண்மை.

கத்தி இந்த விமானத்தில் வருகிறது. துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறேன், கூர் பத்திரம். கேட்டுவிட்டாய், கொடுத்துவிட்டேன். அதைக் காய்கறி நறுக்கப் பயன்படுத்தாதே.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த அன்றே கத்தியைச் சுற்றி வைத்தேன், அன்று சாயங்காலமே ரோசியா தன் மாமா வீட்டுக்குப் போய், புபுசி என்று அவருடைய பழைய கத்தியைக் கேட்டிருக்கிறாள்.

"பொம்பளைக்கு எதுக்கு பாளைக் கத்தி?" என்றாராம்.

"புபுசி கேட்டாக் காரணம் கேக்கற வழக்கம் கிடையாது மாமா."

மறுநாள் விடியலில் பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் மரத்தடியில் நிற்கிறாள். "எப்படிச் சீவணும்னு சொல்லு, சும்மா பாத்துக்கிட்டு நிக்காதே" என்கிறாள். நம் தீவில் எந்தப் பெண் ஏறியிருக்கிறாள்? நான் கத்தினேன். அவள் பாட்டுக்கு ஏறிவிட்டாள். முதல் வாரம் சீவத் தெரியாமல் இரண்டு பாளையைக் கெடுத்தாள். மண்டபத்தில் பேச்சு வந்தது, பெண் ஏறினால் மரம் மலடாகும் என்று ஒருவர் சொன்னார். "மரத்துக்குத் தெரியாதுங்க, நீங்க போய்ச் சொல்லாம இருந்தாச் சரி" என்றாள். இப்போது ஒரு மரத்தில் பதநீர் நன்றாகவே இறங்குகிறது. பாப்பாவுக்குப் பேதி நின்றுவிட்டது. ஒரு போத்தல் பாகு காய்ச்சி உனக்கு அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

அவள் காலையில் ஏறுகிறாள், உச்சிவேளையில் ஏறுகிறாள், சாயங்காலம் ஏறுகிறாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது கையை இங்கே வை, வலது காலை அங்கே வை என்று கத்துகிறேன். அவள் பதில் சொல்வதில்லை. மரமேறுகிறவர்கள் மேலே பாடுவது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. பாட்டுக் கேட்கிறவரை கீழே நிற்கிறவனுக்கு மூச்சு விட முடிகிறது. இவளுக்குப் பாட வராது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். நாள் முழுக்க நன்றாக இருக்கிறேன், நடக்கிறேன், வலை பின்னுகிறேன், ஒன்றும் இல்லை. அவள் உச்சிக்குப் போய் மட்டைக்குள் மறைந்ததும் எனக்குத் தலை சுற்றுகிறது. நேற்றுக் கண் இருட்டிக்கொண்டு வந்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "யோவ், மரத்தை ஆட்டாதேய்யா!" என்று மேலேயிருந்து கத்தினாள். காலை இரண்டு, மாலை இரண்டுதான் விழுங்குகிறேன், உச்சிவேளையில் தொடுவதில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். அளவு சரிதானா என்று அந்த டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்டு எழுது. இந்தத் தடவை நிஜமாகவே கேள்.

பௌரோ